ஒன்பதாம் நம்பர் எழுதிய புகார்

இப்போதெல்லாம் எங்கே போனாலும் பேரைக் கேட்கிறார்கள். தெரியாமல் கேட்டால் பரவாயில்லை. தெரிந்துகொண்டே கேட்கிறார்கள். பேங்கில் என் பாஸ்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டே "பேரு சொல்லுங்க சார்" என்கிறான் ஒருவன். கேஸ் கொண்டுவருகிறவன் ஐந்து வருஷமாக முதலியார்பேட்டையில் என் வீட்டு வாசலில்தான் சிலிண்டரை இறக்குகிறான். அவனும் நம்பர் கேட்கிறான். ஏன்டா என்றால் சிஸ்டம் என்கிறான். கேட்கிறவர்களில் ஒருவருக்காவது முப்பது வயது தாண்டியிருக்க வேண்டுமே, அதுவும் கிடையாது. எல்லா நாற்காலியிலும் சின்னப் பிள்ளைகள்.

நான் மில்லில் முப்பது வருஷம் நின்றவன். எங்கள் மேஸ்திரிக்கு அப்போதே அறுபது இருக்கும். அவர் யாரையும் பேர் கேட்டதில்லை. "ஏய்" என்பார், எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். வேலை நடந்தது.

இந்த எரிச்சலோடுதான் போன மாதம் குடலிறக்க ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். கடற்கரைக்கு நடந்து போகிற தூரம், அவ்வளவுதான். பிரஷர் இறங்கட்டும், அப்புறம் அறுக்கலாம் என்று டாக்டர் என்னை நாலு நாள் சும்மா படுக்க வைத்துவிட்டார். ஆண்கள் வார்டு, ஒன்பதாம் நம்பர் கட்டில்.

வார்டுக்கு இன்-சார்ஜ் ஒரு பெண். பேர் சிந்துஜா. வயது இருபத்தொன்பது. நானே கேட்டேன், அவளும் கூசாமல் சொன்னாள். அவளுக்குக் கீழே வேலை செய்கிற சந்திரகலா சிஸ்டருக்கு வயது ஐம்பத்து நாலு, முப்பது வருஷ சர்வீஸ்.

"ஏம்மா, நீ இருக்கையில அந்தப் பொண்ண எப்படி மேல தூக்கி வச்சாங்க?" என்று சந்திரகலாவிடம் கேட்டேன்.

"என்னைத்தான் மூணு தடவ கேட்டாங்க பெரியவரே. நான்தான் வேணாம்னுட்டேன். மருந்து கணக்கு, லீவு லிஸ்ட், டாக்டருங்க கோவம், கம்ப்யூட்டரு. யாரு மாரடிக்கிறது? சின்னதுங்க இஷ்டப்பட்டு வருதுங்க, வரட்டும்."

"அப்ப நல்லதுதானா?"

"வந்துட்டுப் போவட்டும், ஆனா என் பஸ்ஸ ஏன் வுட வைக்கணும்?"

பஸ் விஷயம் இதுதான். அந்த வார்டில் காலை ஏழு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் ராத்திரி ஏழு மணிக்கும் நர்ஸுகள் மாறுவார்கள். முன்பெல்லாம் போகிறவர்கள் மேசையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து ஒன்றாம் நம்பர் இப்படி, ரெண்டாம் நம்பர் அப்படி என்று படித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்களாம். பத்து நிமிஷம். சிந்துஜா வந்து அதை மாற்றிவிட்டாள். போகிறவர்களும் வருகிறவர்களும் ஒவ்வொரு கட்டிலாக வந்து நிற்க வேண்டும். படுத்திருப்பவரிடம் பேரைக் கேட்க வேண்டும். கையில் கட்டியிருக்கும் பேர்ப் பட்டையைப் பார்க்க வேண்டும். என்ன நோவு, என்ன மருந்து, எங்கே புண் என்று அவர் காது கேட்கச் சொல்லி, புண்ணைத் திறந்தும் பார்க்க வேண்டும். இருபது கட்டில். முக்கால் மணி நேரம் ஓடிவிடும். சந்திரகலாவின் பாகூர் பஸ்ஸும் ஓடிவிடும்.

அதனால் பதினோரு நர்ஸுகள் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு மனு கொடுத்துவிட்டார்கள். சந்திரகலாதான் சொன்னாள். சிந்துஜாவை மூன்று மாதம் பார்க்கலாம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் நர்சிங் சூப்பரின்டெண்ட் அம்மா நேரில் வந்து நின்று பார்ப்பார். இந்தக் கட்டில் கட்டிலாகப் போகிற வேலை வீண் என்று பட்டால் அதோடு அது நின்றது. சிந்துஜாவும் இன்-சார்ஜ் கிடையாது, பழையபடி ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்றேன்.

"என்னத்த சொல்லும். மொகம் சுருங்கித்தான் கெடக்குது. ஆனா மாத்திக்க மாட்டேங்குது."

என் பங்குக்கு நானும் செவ்வாய்க்கிழமை புகார்ப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டிருந்தேன். நான் நாலாம் வகுப்பு. எழுத்து பெரிசு பெரிசாக வரும். இப்படி எழுதினேன்: "வார்டுப் பொறுப்பில் உள்ள பெண்ணுக்கு வயசு போதாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை என் பேரைக் கேட்கிறாள். ஞாபகம் இல்லாத பெண்ணை வைத்திருக்க வேண்டாம். இப்படிக்கு, ஒன்பதாம் நம்பர்."

பக்கத்துக் கட்டில், பத்தாம் நம்பர், தெய்வசிகாமணி. நோணாங்குப்பத்துக்காரர், ஒரு காலத்தில் படகு ஓட்டியவர். சர்க்கரை வியாதி. கிளிஞ்சலை மிதித்து வலது காலில் புண்ணாகி, ஒரு மாதமாக ஆறவில்லை. நல்ல மனிதர், ஆனால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார். எனக்கு அது பிடிக்காது.

எனக்கு ஆஸ்பத்திரியில் யார் மேலும் நம்பிக்கை இல்லை. என் எவர்சில்வர் தூக்கு புதுசு. கொஞ்சம் கண் அசந்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான். என் கையில் கட்டியிருந்த பேர்ப் பட்டை வேறு அரித்தது. புதன்கிழமை அதைப் பிளேடால் அறுத்துத் தூக்கின் பிடியில் சுற்றிக் கட்டிவிட்டேன். அதில் என் பேர், வயது, நம்பர் எல்லாம் அச்சடித்து இருக்கிறது. தூக்குக்கு அதைவிட நல்ல காவல் வேறு என்ன இருக்கிறது? நர்ஸுகள் வந்து கையைக் கேட்டால், தூக்கை எடுத்துக் கையோடு சேர்த்துப் பிடித்துக் காட்டுவேன். மறுபடியும் கட்டச் சொல்லி சிந்துஜா ரெண்டு தடவை சொன்னாள். சரி சரி என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் சனிக்கிழமை காலையில் எனக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். காலை ரவுண்டு முடிந்ததும் தெய்வசிகாமணி போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"யோவ் சின்னக்கண்ணு, இந்த ஃபேனு என்னயக் கொல்லுதுய்யா. குளுருது."

"எனக்கு மேல இருக்குறது சுத்துதா நிக்குதான்னே தெரியல. வேர்த்து ஊத்துது."

"அப்ப நீ இங்க வந்துடு. நான் அங்க வந்துடறேன்."

"யாரையும் கேக்க வேணாமா?"

"ஃபேனுக்குக் கூடவா அந்தப் பொண்ணக் கேக்கணும்?"

தலையாட்டி மனிதர் சொன்னதில் எனக்கே பிடித்த பேச்சு இது ஒன்றுதான். மாறிக்கொண்டோம். தலையணையை எடுத்துப் போனேன், தூக்கை மறந்துவிட்டேன். அது ஒன்பதாம் நம்பர் அலமாரியின் மேலேயே இருந்தது. பத்தாம் நம்பர் ஃபேன் காற்று, கடற்கரையில் படுத்த மாதிரி இருந்தது.

பதினொரு மணிக்கு டாக்டர் நடக்கச் சொன்னது ஞாபகம் வந்து வராந்தாவில் அரை மணி நேரம் நடந்தேன். திரும்பி வரும்போது ஆபரேஷன் தியேட்டர் ஆள் அரிகிருஷ்ணன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரே போனான். தெய்வசிகாமணி போர்வையை இழுத்து முகம் வரைக்கும் மூடிக்கொண்டு படுத்திருந்தார். ஒரு மாதிரி இருந்தார். குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். சூப்பரின்டெண்ட் சிவசங்கரி அம்மா கையில் போனை வைத்து நேரத்தை ஓடவிட்டிருந்தார். அவருக்கே நாற்பதுக்குக் கீழேதான் இருக்கும். முழு ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கும் அவர்தான் தலை. விளங்கின மாதிரிதான் என்று நினைத்தேன். வேலை முடிந்து போகிறவள் சந்திரகலா. புதிதாக வருகிறவள் மேனகா என்று ஒரு பெண், பெண்கள் வார்டிலிருந்து அன்றைக்குத்தான் மாற்றி அனுப்பியிருந்தார்கள். எங்கள் யார் முகமும் அவளுக்குத் தெரியாது. ஊசி மருந்து வைத்த தள்ளுவண்டியோடு சிந்துஜா ஓரமாக நின்றாள். பேச்செல்லாம் அவர்களே பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜன்னல் பக்கம் இருபதிலிருந்து தொடங்கி வந்தார்கள். அவர்கள் பன்னிரண்டாம் கட்டிலுக்கு வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு பேர் முன்னால், அதுவும் மேலதிகாரி முன்னால், இந்தப் பெண்ணின் வண்டவாளத்தைக் காட்டிவிட வேண்டும். மூன்று வேளையும் பேர் கேட்கிறார்களே, நாம் சொல்கிற பேரை நிஜமாகவே பார்க்கிறார்களா, இல்லை சும்மா வாய்க்குக் கேட்கிறார்களா?

பத்தாம் நம்பருக்கு வந்தார்கள். சந்திரகலா நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்தாள். அவள் நினைப்பு பஸ்ஸில் இருந்தது.

"பத்து. தெய்வசிகாமணி, அறுபத்தெட்டு வயசு. சர்க்கரை. வலது கால்ல புண்ணு, காலையில கட்டு மாத்தியிருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடி இப்ப இன்சுலின் போடணும்."

மேனகா என்னைப் பார்த்தாள். "ஐயா, உங்க பேரு சொல்லுங்க."

"தெய்வசிகாமணி" என்றேன்.

சந்திரகலா நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். சிந்துஜா அவள் முழங்கையைத் தொட்டாள். அவள் வாய் மூடிக்கொண்டது.

"பொறந்த தேதி?" என்றாள் மேனகா.

என் தேதியே எனக்குத் தகராறு. தெய்வசிகாமணி தேதிக்கு எங்கே போவேன்? "அதெல்லாம் இந்த ஊர ஆண்ட பிரெஞ்சுக்காரன் எழுதி வச்சிட்டுப் போயிருக்கான். வேணும்னா போய்ப் பாரு" என்றேன்.

நாலு பேர் சிரித்தார்கள். மேனகா சிரிக்கவில்லை. "கையில பட்டை எங்க?"

"அரிச்சுது. கழட்டிட்டேன்."

அவள் ஊசியை எடுப்பாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. என் காலடிக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். வலது காலைப் பார்த்தாள். இடது காலையும் பார்த்தாள். பெருவிரலைத் திருப்பி அடிப்பாதத்தையும் பார்த்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அக்கா, கட்டு போட்ருக்குன்னீங்க. இவருக்குப் புண்ணே இல்ல" என்றாள் சந்திரகலாவிடம்.

"ஆறிப்போச்சு" என்றேன்.

"காலையில இருந்த புண்ணு மதியத்துக்குள்ள ஆறுச்சா? தழும்பு கூட இல்லையே. நீங்க யாரு, ஐயா?"

அப்போதுதான் பார்த்தேன். சிந்துஜாவின் கை ஊசித் தட்டின் மூடியை அழுத்திப் பிடித்திருந்தது. எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாளோ.

"சின்னக்கண்ணு தாத்தா" என்றாள் சிந்துஜா, "போதும். எழுந்து ஒக்காருங்க."

"நீ முன்னாடியே கண்டுக்கினியா?"

"நாலு நாளா உங்க வாயால திட்டு வாங்குறேன். மொகம் மறக்குமா?"

"அப்ப ஏன் சும்மா நின்ன?"

"நான் சொல்லிட்டா, நான் லீவுல இருக்குற அன்னிக்கு யாரு சொல்றது? மொகம் தெரியாத பொண்ணு கண்டுபுடிக்கணும். அதுக்குத்தான் தாத்தா இவ்வளவு கேள்வியும். கண்டுபுடிக்கலன்னா, ஊசி என் கையத் தாண்டிப் போயிருக்காது."

சொல்லிவிட்டு ஒன்பதாம் கட்டிலுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். தெய்வசிகாமணி முழித்துக்கொண்டுதான் இருந்தார். கையில் அவர் பேர்ப் பட்டை, காலில் கட்டு. அலமாரி மேல் என் தூக்கு. அதன் பிடியில் என் பட்டை. சிவசங்கரி அம்மா தூக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"சின்னக்கண்ணு, எழுபத்து மூணு, குடலிறக்கம். நாளைக்கு ஆபரேஷன் உங்களுக்கா, தூக்குக்கா?"

வார்டே சிரித்தது. நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டேன்.

தெய்வசிகாமணி மெதுவாகக் கையைத் தூக்கினார். "பாப்பா, ஒண்ணு சொல்லணும். எனக்கு சவரம் பண்ணிட்டாங்க."

"தாடி அப்படியேதான இருக்கு தாத்தா?"

"தாடி இல்ல பாப்பா. தொப்புளுக்குக் கீழ."

ஆபரேஷனுக்கு முன்னால் செய்கிற சவரம். அரிகிருஷ்ணன் கட்டில் நம்பரைப் பார்த்து வந்து, எனக்குச் செய்ய வேண்டியதை அவருக்குச் செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

"ஏன்யா, உனக்குக் கால்ல புண்ணு. அங்க எதுக்கு சவரம்னு கேக்க மாட்டியா?" என்றேன் நான்.

"புதுசா பொறுப்புக்கு வந்த பொண்ணு போட்ட சட்டம்னு நெனச்சேன். நல்லாத்தான் பண்ணான், சும்மா சொல்லக் கூடாது."

சந்திரகலா நோட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். மேனகா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிந்துஜா மட்டும் சிரிக்கவில்லை. சூப்பரின்டெண்ட் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மேடம், பட்டைய அறுத்துட்டாருன்னு தெரிஞ்சும் நான் உடனே வேற கட்டல. தியேட்டர் ஆளும் பேரு கேக்கணும்னு நான் சொல்லி வைக்கல. ரெண்டும் என் வார்டுல நடந்த தப்பு. நானே எழுதிக் குடுத்துடறேன்."

எனக்கு அது சுத்தமாகப் புரியவில்லை. மூன்று மாதமாகத் தராசில் நிற்கிறவள், தன் தட்டில் தானே கல்லை வைக்கிறாள். மில்லில் நூல் அறுந்தால் பக்கத்துத் தறிக்காரனைக் கை காட்டுவோம்.

சிவசங்கரி அம்மா பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பெரிசு பெரிசாக எழுத்து. அடையாளம் தெரிந்ததும் எனக்கு வேர்த்தது.

"இந்தப் பொண்ணு மேல ஒரு புகாரும் வந்திருக்கு. கீழ 'ஒன்பதாம் நம்பர்'னு கையெழுத்து." தெய்வசிகாமணியைப் பார்த்தார். "ஐயா, ஒன்பதுல நீங்கதான படுத்திருக்கீங்க. நீங்களா எழுதுனது?"

"எனக்குக் கையெழுத்து மட்டும்தாம்மா வரும்" என்றார் அவர் பயந்துபோய்.

இனிமேல் சும்மா இருக்க முடியாது. "நான்தாம்மா எழுதுனேன்" என்றேன்.

"பேரைப் போட்டிருக்கலாமே."

நான் தலையணையைச் சரி பண்ணினேன்.

"சரி, இப்ப சொல்லுங்க. உங்களால ஒரு ஊசி மாறிப் போயிருக்கும். இதுல யாரு மேல தப்பு?"

"பொய் சொன்னது நான். கட்டில் மாறுனது நாங்க ரெண்டு பேரு. இந்தப் பொண்ணுக்கு அதுல சம்பந்தம் இல்ல" என்றேன். நியாயத்தை யார் கேட்டாலும் சொல்லித்தானே ஆக வேண்டும். "சோதிச்சுப் பாத்தேன்."

"பாஸா?"

"ஒரு தடவ பாத்து எப்படி சொல்றது?"

சிவசங்கரி அம்மா போனைப் பார்த்தார். பதினோரு கட்டிலுக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஓடியிருந்தது. "நேரம் அதிகந்தான், சிந்துஜா."

"ரெண்டு குரூப்பா பிரிஞ்சு ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்தா இருபதே நிமிஷம் மேடம். ஆளு பத்தலன்னு கேக்கத்தான் பயந்துக்கினு இருந்தேன்."

"பயப்படாம கேளு. ஒரு ஆளு தர்றேன்."

அப்போது சந்திரகலா முன்னால் வந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மேடம், அந்தப் பதினோரு கையெழுத்துல என்னோடத அடிச்சிடுங்க. நான் மேசையில ஒக்காந்து படிச்சிட்டுப் போயிருந்தா, இந்நேரம் இவருக்கு ஊசி ஏறியிருக்கும். நான் பஸ்ல ஜன்னலோரம் ஒக்காந்திருப்பேன்."

"பஸ் போயிருக்குமே அக்கா" என்றாள் சிந்துஜா.

"பாகூருக்கு அது ஒண்ணுதான் பஸ்ஸா? அடுத்ததுல போய்க்கிறேன். மீதி ஒம்பது கட்டிலயும் முடி."

அந்த இடத்திலேயே சிவசங்கரி அம்மா சொல்லிவிட்டார். கட்டில் கட்டிலாகப் போவது தொடரும், சிந்துஜாதான் இன்-சார்ஜ், அடுத்த வாரம் மற்ற வார்டுக்காரர்களும் வந்து பார்க்க வேண்டும் என்று. சிந்துஜா தலையை மட்டும் ஆட்டினாள். நான் என் பழைய கட்டிலுக்கே திரும்பியதும் வந்து, என் கையைப் பிடித்துப் புதுப் பட்டை கட்டினாள். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது.

"அரிச்சா சொல்லுங்க, துணி வச்சிக் கட்டறேன். தூக்குக்குத் தனியா ஒண்ணு எழுதித் தர்றேன்."

சொன்ன மாதிரி சாயங்காலம் ஒரு பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிக் கொடுத்தாள்: "தூக்கு. உடைமையாளர் சின்னக்கண்ணு. மருந்து தேவையில்லை." நாலு மணிக்கு எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து என் ஃபேனைச் சரி பண்ணினான். அதற்கும் அவள்தான் போன் போட்டாளாம். அரிகிருஷ்ணன் மறுபடியும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, எட்ட நின்றே "பேரு சொல்லுங்க பெரியவரே" என்றான். சொன்னேன். பட்டையைப் பார்த்தான். அப்புறம்தான் கத்தியைத் திறந்தான். பக்கத்துக் கட்டிலிலிருந்து தெய்வசிகாமணி, "பயப்படாத, நல்லாத்தான் பண்ணுவான்" என்று தைரியம் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து அஞ்சாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மகள் கலைவாணி கீழே ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். சிந்துஜா மருந்துப் பையோடு வந்தாள். சட்டையில் 'வார்டு இன்-சார்ஜ்' என்று புது வில்லை குத்தியிருந்தாள். எழுத்து கொஞ்சம் சின்னதுதான்.

"உங்க பேரு, தாத்தா?"

"இன்னுமா?"

"பை மாறிப் போச்சுன்னா?"

"சின்னக்கண்ணு."

பையில் ஒட்டியிருந்த சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான் எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படித்தேன். உள்ளே இருந்த மாத்திரை அட்டைகளையும் எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. முதல் நாள் சரியாகத்தான் இருக்கும்.

"பத்து நாள் கழிச்சு வாங்க, தையல் பாக்கணும்."

"அப்ப நீ இருப்பியா, இல்ல வேற எதாவது சின்னப் பொண்ணா?"

"நான்தான் இருப்பேன். இல்லன்னா மேனகா இருப்பா. அவ இன்னும் சின்னவ."

"அதான பாத்தேன்" என்றேன்.

இருபத்தொன்பது வயதில் ஒரு வார்டையே கொடுத்துவிட்டால் சரியாகப் போய்விடுமா? ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை நன்றாக நடந்தது. ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம். அவள் நீட்டிய கையைப் பிடிக்காமல், தூக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். பாதியில் நின்று திரும்பிப் பார்த்தேன். மேலே அவள் வேறு யாரிடமோ பேர் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஆட்டோவைப் பார்த்து நடந்தேன்.